பெயர் மாறிய பெட்டியும் பில்லிங் குமாஸ்தாவும்

மாதுங்காவில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கி, டைப்ரைட்டிங் ஹையரையும் சுருக்கெழுத்தையும் மூலதனமாக வைத்துப் பிழைத்த தமிழர்களின் காலம் மலையேறிவிட்டது. இன்று மும்பை ஆபீஸ்களில் தமிழ்க் குமாஸ்தாவின் முன்னால் இருப்பது கம்ப்யூட்டர். கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து ஃபைலில் கோத்த பழக்கமும் போய்விட்டது. அனுப்பிய கடிதத்துக்கு அத்தாட்சி வேண்டுமானால் மின்னஞ்சல் புரோகிராமில் 'சென்ட் ஐட்டம்ஸ்' என்ற ஃபோல்டரைத்தான் திறக்க வேண்டும். அந்த ஃபோல்டரே ஒரு நாள் கண்ணில் படாமற்போனால் வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்?

அந்தேரியில் ஒரு கம்பெனி. தலைமை ஆபீஸ் ஜெர்மனியில். இங்கே பில்லிங் பிரிவில் இருப்பவர் நெல்லைச் சீமைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், காண்டிராக்ட் உத்தியோகம். கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்து, மின்னஞ்சல் கணக்கையும் தலைமை ஆபீசிலிருந்தே புதிதாக ஏற்பாடு செய்தார்கள். மறுநாள் காலையில் அவுட்லுக்கைத் திறந்தால் இன்பாக்ஸைக் காணோம். 'போஸ்ட்ஐன்காங்' என்று ஏதோ இருக்கிறது. அதன் கீழே 'என்ட்வூர்ஃப', 'கெஸெண்டட எலமெண்ட' என்று வாயில் நுழையாத பெயர்கள். வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். புதிதாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று பெயரும் சூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

வினை பத்து நாள் கழித்து வந்தது. புனேயிலுள்ள வாடிக்கையாளர் பில் வரவே இல்லை என்று கையை விரித்தார். சாயங்காலத்துக்குள் அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டாவிட்டால் மெமோ என்றார் மேனேஜர். காண்டிராக்ட் புதுப்பிக்கும் மாதம் வேறு. குமாஸ்தா தாம் உண்டாக்கிய ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு கடிதம்கூட இல்லை.

டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் கோவில்பட்டி இளைஞர்தான் வந்து பார்த்தார். "அண்ணாச்சி, ஒண்ணும் தொலையலை. பேருதான் மாறிக் கெடக்கு. நீங்க செஞ்சு வச்ச பொட்டியில மெசினு எதையும் போடாது" என்றார். 'கெஸெண்டட எலமெண்ட' என்ற ஃபோல்டரைத் திறந்தார். பில் அனுப்பிய கடிதம் தேதி, மணியோடு அங்கே பத்திரமாக இருந்தது. அச்சடித்து மேஜைமேல் வைத்தார்கள். மெமோ வரவில்லை. மேனேஜர் வருத்தம் தெரிவித்ததாகவும் தகவல் இல்லை.

எண்தான் அடையாளம்

இதன் சூட்சுமம் ரயில் ஏறும் எல்லோருக்கும் பழக்கமானதுதான். மதராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ரயில்வே கணக்கில் அந்த ஸ்டேஷனின் குறியீடு இன்றைக்கும் 'எம்.ஏ.எஸ்.' தான். பலகையில் எந்தப் பெயர் எழுதினாலும் டிக்கெட்டும் பார்சலும் குறியீட்டைப் பார்த்துத்தான் போய்ச் சேருகின்றன.

அவுட்லுக்கும் அப்படியே. இன்பாக்ஸ், டிராஃப்ட்ஸ், சென்ட் ஐட்டம்ஸ், டெலீட்டட் ஐட்டம்ஸ் ஆகிய மூல ஃபோல்டர்களை அது உள்ளே வைத்திருக்கும் அடையாள எண்ணால் அறிகிறது. வெளியே தெரியும் பெயர் வெறும் பலகை. கணக்கு முதன்முதலில் எந்த மொழியில் திறக்கப்பட்டதோ, அந்த மொழியிலேயே பலகை எழுதப்பட்டுவிடும். அந்தேரியில் நடந்ததும் இதுவே. 'கெஸெண்டட எலமெண்ட' என்றால் ஜெர்மன் மொழியில் 'அனுப்பியவை' என்று அர்த்தம். 'போஸ்ட்ஐன்காங்' என்றால் வந்த தபால். கைபேசிகளோடு இணைக்கும்போது பெயர் புரண்டு போவதும் உண்டு.

ஆகவே அதே பெயரில் புதிய ஃபோல்டர் உண்டாக்குவது வீண் வேலை. மதுரை என்று ஒரு பலகை எழுதி வீட்டு வாசலில் மாட்டினால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்குமா?

பலகையை மாற்றும் விதம்

முதலில் அவுட்லுக்கின் 'ஃபைல்' பகுதியில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'லாங்வேஜ்' என்ற இடத்துக்குப் போய், காட்டும் மொழி ஆங்கிலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அவுட்லுக்கை முழுவதும் மூடிவிட்டு, கீபோர்டில் விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' என்ற சிறு பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்துகளில் 'அவுட்லுக்.எக்ஸ்இ /ரீசெட்ஃபோல்டர்நேம்ஸ்' என்று அடித்து என்டர் தட்ட வேண்டும். சாய்கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. பின்னால் வரும் ரீசெட், ஃபோல்டர், நேம்ஸ் என்ற மூன்று சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இந்த இடைவெளி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சரியாக அடித்திருந்தால் அவுட்லுக் திறக்கும்போது பழைய பெயர்கள் வந்து நிற்கும். கடிதங்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

மூல ஃபோல்டரே காணவில்லை என்றால் அதற்கு வேறு கட்டளை: 'நேம்ஸ்' என்பதை விட்டுவிட்டு '/ரீசெட்ஃபோல்டர்ஸ்' என்று மட்டும் அடிப்பது.

இவை பழைய அவுட்லுக்குக்கு உரியவை. புதிய அவுட்லுக்கிலும், பிரவுசர் மூலம் பார்ப்பவர்களுக்கும் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'லாங்வேஜ் அண்ட் டைம்' என்ற வரிசையில் போனால் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் கிடைக்கும். மூல ஃபோல்டர்களின் பெயரையும் அந்த மொழிக்கு மாற்றவா என்று அங்கே ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் டிக் போட்டுச் சேமித்தால் போதும்.

இடம் மாறியவை

தாமே உண்டாக்கிய ஃபோல்டர்கள் தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் மவுஸ்தான். விரல் அழுத்தியபடி இருக்கக் கை லேசாக நகர்ந்தால், 'வருமான வரி' ஃபோல்டர் 'கான்டீன்' ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃபோல்டரில் இருந்த கடிதம் ஒன்றில் ஞாபகமுள்ள ஒரு சொல்லைக் கொடுத்து, எல்லா ஃபோல்டர்களிலும் தேடச் சொல்ல வேண்டும். கடிதம் அகப்பட்டால், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஃபோல்டரின் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். டெலீட்டட் ஐட்டம்ஸையும் விடக்கூடாது. கண்டுபிடித்ததும், மேலே கணக்கின் பெயர் இருக்கும் வரிமீது இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

தேடி முடிக்கும்வரை டெலீட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்யாமல் இருப்பது உத்தமம். காலி செய்துவிட்டவர்களும் உடனே தலையில் கைவைக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் உபயோகிக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வரில் அப்படிப் போனவற்றைச் சாதாரணமாக 14 நாள் வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் பிரிவு நினைத்தால் அதை 30 நாள்வரை நீட்டிக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில் நாள் கடத்தாமல் சொல்வதுதான் முக்கியம்.

சொந்தக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒரு புரோகிராம் அனுப்பியதை 'சென்ட்' என்ற ஃபோல்டரில் போடும். இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று தனியே வைத்துக்கொள்ளும். ஊருக்குப் பணம் அனுப்பிய விவரத்தைக் கைபேசியில் எழுதிவிட்டு, கம்ப்யூட்டரில் தேடினால் எப்படி அகப்படும்? எந்த ஃபோல்டர் எதற்கு என்பதைச் சர்வரே அறிவிக்கும் ஏற்பாடு 2011-ல் வகுக்கப்பட்டது. ஆனால் எல்லாப் புரோகிராம்களும் அதன்படி நடப்பதில்லை. தண்டர்பேர்ட் உபயோகிப்பவர்கள் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' என்ற பக்கத்தில், நகல் எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்று தாமே குறித்துவிடலாம். கைபேசி உபயோகிக்கும் ஃபோல்டரையே அங்கே காட்டிவிட்டு, மற்றதிலுள்ள கடிதங்களை அதற்கு மாற்றிவிட வேண்டும். மிஞ்சிய ஃபோல்டரை அழிப்பது கடைசி வேலை. அதையும் ஒரு முறை திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.