ஹெட் கேஸ்கட் போச்சா? ஸ்பேனரை எடுக்கும் முன்...

ஆயில் இன்ஜின் வெள்ளைப் புகை தள்ளுகிறது, கூலிங் தண்ணீர் குமிழி குமிழியாக வெளியே வருகிறது என்றால், முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கட் மீதுதான். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கிவிட்டது. 'இன்னும் நாலு பாத்திதானே' என்று ஓட்டினால் பேரிங் தேய்ந்து, சின்ன வேலை கிராங்க் வரை போய்விடும்.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதில்தான் பொறுமை தேவை. உளியால் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே மறுபடி கசியும். இரும்பு ஸ்கேலை ஹெட்டின் குறுக்கே நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். கம்பெனி புத்தகத்தில் சொன்னதைவிட இடைவெளி கூடுதலா? லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்த வளைவோடு எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் நிற்காது.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கினால் ஸ்டட் இழுபட்டுவிடும்! அடுத்து டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, ஆயிலை முழுக்க மாற்றுங்கள். பம்பிலிருந்து வரும் கூலிங் குழாயில் சேறு அடைத்திருந்தால் அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.