உங்களுக்குத் தெரியுமா? மீனுக்கு முன்னால் கல்

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோவின் நான்காவது வழித்தடம் சுமார் 26 கிலோமீட்டர். அதில் கரையான்சாவடிக்கும் ஒரு நிலையம் உண்டு. ஆவடி சாலை பிரிகிற இந்த முனைக்கும் அலையடிக்கிற கரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். இவ்வளவு உள்ளே தள்ளியிருக்கும் வீட்டு ஹாலிலும் ஒரு கடல்நீர்த் தொட்டியை நன்றாக வாழவைக்கலாம். ஆனால் முதலில் வாங்க வேண்டியது மீன் அல்ல, கல். அந்தக் கல்லைத் தயார்செய்ய இரண்டு மாதம்கூட ஆகும். அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இந்த வாரத் துணுக்குகள்.

அழகுக்கு மட்டும் அல்ல

கடல் தொட்டியில் கல்தான் வடிகட்டி. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவை கல்லின் மேற்பரப்பிலும் துளைகளின் ஓரங்களிலும் குடியிருக்கும். துளை ஆழமாகப் போகப்போக ஆக்சிஜன் குறையும். அங்கே வாழும் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். ஆகவே கல்லை வாங்கும்போது உருவத்தைவிடத் துளைகளைப் பாருங்கள். கையில் எடுத்தால் அதன் அளவுக்கு எடை குறைவாக இருப்பதே நல்ல கல். நூறு லிட்டருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ என்பது பழைய கணக்கு. துளை மிகுந்த கல்லானால் அதற்குக் குறைவாகவே போதும்.

ஜகார்த்தாவில் பிறந்த முறை

கல்லே தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல், காற்றுக் குமிழி, வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கடல் மீன் வளர்த்த தன் முறையை அவர் 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். இன்று 'லைவ் ராக்' என்று சொல்வது அப்படிப்பட்ட கல்லைத்தான். உயிர் எதுவும் இல்லாமல் காய்ந்த கல்லாக வாங்கி, வீட்டில் உயிரேற்றினால் அது 'டிரை ராக்'.

நம் கடலில் கல் எடுக்கக் கூடாது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், 2001 முதல் பவளங்களும் இருக்கின்றன. பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாமே அதில் அடக்கம். உயிரோடு இருந்தாலும் சரி, செத்து வெளுத்துக் காய்ந்திருந்தாலும் சரி. ராமேசுவரம் கரையில் ஒதுங்கிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அழகுப் பொருளாக விற்பதும் குற்றம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருந்தவை 21 தீவுகள். 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் அதற்கு முன்னும் பின்னுமாகப் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் கரைந்து கரைந்து சிறிதாகிக்கொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற 2015-லிருந்து கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலடியில் இறக்கினார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் அந்தப் பணியில் முன்னின்றது.

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் சுவரும் பவளக்கல்தான். கையால் தடவிப் பாருங்கள், கடல் தொட்டிக்கு எப்படிப்பட்ட துளை வேண்டும் என்பது புரியும். தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்லக்குடியில் ஒரு பழைய பவளத் திட்டு

கடலில் எடுக்கக் கூடாது என்றால் கல்லுக்கு எங்கே போவது? பீங்கான் முறையிலும் சிமென்ட்டிலும் செய்த கற்கள் இன்று கிடைக்கின்றன. கொளத்தூரின் கலர் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், எதில் செய்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டிலேயே செய்துகொள்வதும் கடினம் இல்லை. ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு நொறுக்கிய கிளிஞ்சல், இரண்டு கைப்பிடி கல் உப்பு. தண்ணீர் குறைவாகவே விட வேண்டும், கெட்டியாகப் பிசைந்து ஈர மணலில் குழி பறித்து அதில் அமுக்கி வைக்க வேண்டும். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து வெளியேறும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சலே இதற்குப் போதும். சாயமோ மருந்தோ கலக்காததாக இருக்க வேண்டும்.

இதில் கலக்கும் சிமென்ட்டிலும் பழைய பவளம் இருக்கலாம். திருச்சி, அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கல்லக்குடியைச் சுற்றி, டால்மியாபுரம் என்று சிமென்ட் ஆலையால் பெயர் பெற்ற இடத்தில், சுரங்கத்தில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லின் ஒரு பகுதி பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளங்களும் கடற்பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டு. நிலவியல் படிப்பவர்கள் அதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

சிமென்ட் கல்லில் ஒரு சிக்கல் உண்டு. புதிதில் அது தண்ணீரின் பிஹெச் அளவை 12 வரைகூட ஏற்றிவிடும். மீன் தாங்காது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சில நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ, பிஹெச் எட்டரைக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும் வரை அவசரம் வேண்டாம்.

ஒரு சொட்டு வினிகர்

கடையில் தரும் கல் சுண்ணாம்புக்கல்தானா என்று தெரிய, அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு இருக்கிறது, அந்தக் கல் வேண்டாம்.

வேகவைக்கவே கூடாது

கல்லைச் சுத்தம் செய்ய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தத் துணுக்குகளில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: கொதிக்கவைக்காதீர்கள். யாரோ பயன்படுத்திய தொட்டியிலிருந்து வரும் கல்லில் சோவாந்திட் என்ற பூப் போன்ற கடல் உயிர்கள் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற நஞ்சைச் சுமப்பவை. 1971-ல் ஹவாயில் மூரும் ஷோயரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. கொதிக்கும்போது ஆவியோடு சேர்ந்து அறை முழுவதும் பரவும். இப்படிக் கல்லைக் கொதிக்கவைத்த வெளிநாட்டு வீடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் இதே ஆபத்துதான். வாங்கும்போதே காய்ந்த, எதுவும் ஒட்டாத கல்லாக வாங்குங்கள். கையுறையோடு தேயுங்கள்.

பிளீச், அதன் பிறகு ஹைப்போ

கல்லின் துளைக்குள் அழுகிய பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் பிளீச் அதை எரித்துவிடும். வாசனையும் சோப்பும் சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஒரு நாள் முழுக்க ஊறட்டும். பிறகு நன்றாக அலசி, குளோரின் போவதற்குச் சோடியம் தயோசல்ஃபேட் கலந்த தண்ணீரில் இன்னொரு ஊறல். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறையில் வைத்திருந்த 'ஹைப்போ' இதுதான். மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். கடைசியில் மொட்டை மாடி வெயில். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ஆசிட் எப்போது தேவை

பழைய தொட்டிக் கல்லில் பாஸ்பேட் படிந்திருக்கும். சுண்ணாம்புக்கல் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும், பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். மாதக்கணக்கில் பாசி மொய்ப்பதற்கு அதுவே காரணம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கல்லின் மேல்தோலைக் கரைத்து, அதோடு பாஸ்பேட்டையும் கொண்டுபோய்விடும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, திறந்தவெளி எல்லாமே கட்டாயம். கல் சீறி நுரைக்கும், சில நிமிடங்களில் அடங்கும். பிறகு ஆப்ப சோடா தூவி, நுரை வருவது நிற்கும் வரை சமன்செய்துவிட்டுத்தான் சாக்கடையில் விட வேண்டும்.

சாயம் கலந்த பாத்ரூம் ஆசிட் இதற்கு ஆகாது. பிளீச் போட்ட கல்லை முழுதாகக் காயவிடாமல் ஆசிட்டில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் ஆயுதமாக்கிய அதே வாயு. புதிய கல்லுக்கும் சிமென்ட் கல்லுக்கும் ஆசிட் தேவையே இல்லை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஆசிட்டைத் தவிர்த்து, ஆர்ஓ தண்ணீரில் சில வாரம் ஊறவைத்து மாற்றிக்கொண்டே இருப்பதைத்தான் நான் சொல்வேன். நாளாகும், ஆனால் யாருக்கும் தீங்கில்லை.

மெரினாத் தண்ணீர் வேண்டாம்

கடல் இருக்கும்போது கடல்நீரையே கொண்டுவரலாமே என்ற எண்ணம் வரும். 1909-லேயே மெரினாவில் மதராஸ் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. ஆனால் அன்றைய கடற்கரை இன்றைய கடற்கரை அல்ல. கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது இருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கரையோர உப்பின் அளவும் இறங்கிவிடும். ஆகவே ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வதே நம்பகம். சமையல் உப்பு இதற்கு ஆகாது, கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் அதில் வேண்டிய அளவு இல்லை. இலக்கு, ஒரு கிலோ உப்புத் தண்ணீரில் 35 கிராம் உப்பு. பூந்தமல்லிப் பக்கத்து போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ எதுவானாலும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால்தான் சரி.

இருட்டில் ஒரு மாதம்

சுத்தமான கல்லை உப்புத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் போட்டு, தண்ணீரைச் சுழற்ற ஒரு சிறு பவர்ஹெட்டை ஓடவிட்டு, மூடிவைத்துவிடுங்கள். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேண்டாம், பாசிக்கு வேண்டும். இருட்டு இரண்டில் ஒன்றைத்தான் வளர்க்கும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். நமக்குக் கோடையில் சூட்டைக் குறைப்பதுதான் பாடு. தண்ணீரின் மேல் ஒரு சிறு ஃபேன் ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது வெறும் ஆர்ஓ தண்ணீர், உப்பு ஆவியாவதில்லை. கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர்பம்ப் ஒன்றும் அவசியம். சுழற்சி நின்ற சில மணி நேரத்தில் கல்லுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

நவச்சாரத்துக்கு இன்னொரு வேலை

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் தூவும் நவச்சாரம், வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. பாக்டீரியாவுக்கு முதல் சாப்பாடும் அதுவே. தெருவில் வாங்கியது வேண்டாம், ஆய்வகத் தரத்தில் தூய்மையானதாக வாங்குங்கள். நூறு லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். மீனை உள்ளே விட்டு அதன் கழிவிலேயே தொட்டியைப் பழக்கும் பழைய வழக்கம் மீனை வதைப்பது. அதை இன்னும் பரிந்துரைப்பவரிடம் மீன் வாங்காதீர்கள்.

பாக்டீரியா எங்கிருந்து வரும்? உறை மோர் போல, நலமாக ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ ஒரு துண்டுக் கல்லோ போதும். பாட்டிலில் விற்பதும் உதவும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது இருவேறு பாக்டீரியாக்களின் வேலை என்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டு சொன்னவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

பழுப்புப் படலம்

டிரை ராக் தொட்டியில் விளக்குப் போட்ட சில வாரங்களில் கல்லும் மணலும் பழுப்பாகும். பெரும்பாலும் அது டயட்டம் என்ற நுண்பாசி. கடலிலிருந்து வந்த கல்லில் நூறு வகை உயிர்கள் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். நம் கல்லில் இடம் காலியாக இருக்கிறது, முதலில் வந்தவர் பிடித்துக்கொள்கிறார். மருந்து ஊற்றாமல் விட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். இதற்கு ஈடாக ஒரு லாபம் உண்டு: ஐப்டேசியா என்ற, பூப் போன்ற கொட்டும் உயிரும், மீனைக் கொல்லும் மேன்டிஸ் இறாலும் டிரை ராக்கோடு வருவதில்லை. இளஞ்சிவப்புப் பூச்சுப் போலப் பரவும் கோரலைன் பாசி வர இன்னும் பல மாதம் ஆகும்.

கல் தயாரா?

அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யமா? அடுத்த நாளும் அப்படியேவா? பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குக் கீழா? அப்படியானால் பாதிக்குமேல் தண்ணீரை மாற்றிவிட்டு, முதல் மீனை அழைத்து வரலாம். அதுவும் பண்ணையில் பிறந்த கோமாளி மீனாக இருக்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வழியைக் கண்டிருக்கின்றன. வாங்கும்போது எங்கே பிறந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு ஜோடி போதும். அடுத்த ஜோடிக்கு ஒரு மாதம் பொறுங்கள், கல்லில் உள்ள பாக்டீரியா பெருக அவ்வளவு காலம் வேண்டும்.