'பி' செல்லுக்குப் பெயர் தந்த கோழி

கொரோனா காலத்தில் 'டி செல்', 'பி செல்' என்ற வார்த்தைகள் நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டன. அந்த 'பி' எங்கிருந்து வந்தது தெரியுமா? கோழியின் பின்பக்கத்திலிருந்து!

பறவைகளின் கழிவுவாய்க்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கிறது. இத்தாலியின் படுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரிசியஸ் அதை விவரித்த நூல், அவர் இறந்த பிறகு 1621-ல் வெளிவந்தது. அவர் பெயராலேயே 'பர்சா ஆஃப் ஃபேப்ரிசியஸ்' என்கிறார்கள். அது எதற்கு இருக்கிறது என்பது மட்டும் முந்நூறு வருஷத்துக்கு மேல் புதிராகவே இருந்தது.

1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், குஞ்சுகளின் பர்சாவை வெட்டி எடுத்துப் பார்த்தார். பெரிதாக எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு சக மாணவர் டிமோத்தி சாங், ஆன்டிபாடி உருவாவதை வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிப்போய், சால்மோனெல்லா ஊசி போட்டார். பர்சா இல்லாத கோழிகள் பெரும்பாலானவற்றில் ஆன்டிபாடியே வரவில்லை. வகுப்பு டெமோ சொதப்பியது, ஆனால் புதிர் அவிழ்ந்தது.

'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1956-ல் 'பௌல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழி ஆராய்ச்சி இதழில் வந்தது. மருத்துவ உலகம் சில வருஷம் கண்டுகொள்ளவே இல்லை. 1965-ல் மினசோட்டாவில் மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் குழுவினர் அதே வழியில் போய், நோய் எதிர்ப்புச் செல்களில் இரண்டு தனி வம்சங்கள் இருப்பதைக் காட்டினார்கள். தைமஸில் வளர்வது டி, பர்சாவில் வளர்வது பி. கூப்பருக்கு 2019-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

பறவையின் பி செல் வளர இரண்டு விஷயம் வேண்டும்: சரியான இடம், சரியான காலம். குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே முன்னோடிச் செல்கள் பர்சாவின் நுண்ணறைகளுக்குள் போய்ப் பெருகுகின்றன. அங்கே பக்கத்து ஜீன் துண்டுகளை காப்பி-பேஸ்ட் செய்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு கிருமியை அடையாளம் காணக் கற்கிறது. தேறாதவை அங்கேயே மடிகின்றன. கோழி பருவத்துக்கு வந்ததும் பர்சா சுருங்கிவிடும். அதற்கு முன்பே பர்சாவைத் தாக்குவதுதான் கம்போரோ வைரஸ். நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிழைத்த குஞ்சுக்கும் மற்ற தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாது.

மனிதருக்குப் பர்சா கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் வளர்கின்றன. ஆனால் பி செல் புற்றுநோய்க்குத் தரும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளுக்குப் பின்னால் இருக்கும் அறிவு, அந்தக் கோழிகளிடமிருந்தும் வந்ததுதான்.

வெளிநாட்டில் வாழும் நாம் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்னைப் போல ஐடிக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கேள்வி அது. தப்பில்லை, வீட்டுக்கடன் கட்ட வேண்டும்தானே. ஆனால் உங்கள் மகள் பறவைகளைப் பற்றிப் படிக்கப்போறேன்னு வந்து நின்றால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன், எந்தக் கேள்விக்கு விடை தேடுறேன்னு ஒரு தரம் கேட்டுப் பாருங்க.