பயிற்சியா? திறமையா?

நுழையும்முன்

தோல்வி நேர்ந்தால் அதற்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. ஆயினும், காரணம் தேடுவது வேறு. பழி சுமத்துவது வேறு. இங்கிலாந்து நாட்டின் இரு கால்பந்து அணிகளுக்கு நேர்ந்தவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு விளைவுக்குரிய காரணத்தைக் காண்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பின்களத்தின் தனித்தன்மை

கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். கோல் அடிப்போரின் பெயரே ஊரெங்கும் பேசப்படும். கோல் விழாமல் காக்கும் பின்கள வீரரின் உழைப்போ, அவர் தவறும்போதுதான் பிறர் கண்ணுக்குப் புலப்படும். எண்பத்தொன்பது நிமிடங்கள் செம்மையாக ஆடிய ஒருவர், எஞ்சிய ஒரு நிமிடத்தில் கவனம் சிதறினால், அந்த ஒரு நிமிடமே மறுநாள் செய்தியாகும்.

ஓர் அணி தொடர்ந்து கோல்களை விட்டுக்கொடுக்கும்போது, அதன் ரசிகர்கள் இரு பிரிவாகப் பிரிந்து வாதிடுவர். "வீரர்களைச் சரியாக நிறுத்தத் தெரியாத பயிற்சியாளரே காரணம்" என்பர் ஒரு சாரார். "பயிற்சியாளர் களத்தில் இறங்கி ஆடுவதில்லை, வீரர்களிடம் திறமை இல்லை" என்பர் மறு சாரார். இவ்வாதத்தில் வெல்வது யார் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு பயிற்சியாளரின் வேலையும், ஒரு வீரரின் எதிர்காலமும், பல கோடி ரூபாய் மதிப்புள்ள முடிவுகளும் இதனைச் சார்ந்துள்ளன.

லிவர்பூல் அணியின் சிக்கல்

ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் கிளாப், 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லிவர்பூல் அணியின் பயிற்சியாளரானார். பந்தை இழந்தால் பின்வாங்காமல், இழந்த இடத்திலேயே எதிரணியினரை நெருக்கி அதை உடனே மீட்க வேண்டும் என்பது அவரது ஆட்டமுறை. இதற்காக அணி முழுவதும் முன்னேறி நிற்கும். இரு ஓரங்களிலும் ஆடும் பின்கள வீரர்கள்கூடத் தாக்குதலில் இறங்குவர். நடுவிலுள்ள இரு பின்கள வீரர்களுக்குப் பின்னே பெரும் வெற்றிடம் இருக்கும். நெருக்குதல் பலித்தால் எதிரணி திணறும். பலிக்காவிடில் அவ்வெற்றிடத்தின் வழியே எதிரணி பாய்ந்து வரும்.

2017ஆம் ஆண்டு இம்முறையின் இடர் வெளிப்பட்டது. அக்டோபர் 22 அன்று டாட்டன்ஹாம் அணியிடம் லிவர்பூல் 4-1 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆட்டத்தில் முதல் அரைமணி நேரம் முடிந்த சிறிது நேரத்திலேயே ஒரு பின்கள வீரரைப் பயிற்சியாளர் வெளியே அழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஸ்பெயினில் செவில்லா அணியுடன் நடந்த ஆட்டத்தில் முதல் பாதியில் 3-0 என முன்னிலை பெற்றும், இறுதியில் 3-3 எனச் சமநிலையில் முடிக்க நேர்ந்தது.

ரசிகர்கள் இரு சாராரும் இவ்விரு ஆட்டங்களையே சான்றாகக் காட்டினர். "எவர் ஆடினாலும் ஒரே வகையான கோல் விழுகிறது. ஆதலால் தவறு ஆட்டமுறையில் உள்ளது" என்றனர் ஒரு சாரார். "தலையால் முட்ட வேண்டிய பந்தைத் தவறவிட்டவர் வீரர். இதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார்?" என்றனர் மறு சாரார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழி இவர்களுக்குப் பொருந்தும். எனினும், சில வேளைகளில் கூடமும் உண்மையிலேயே கோணலாக இருக்கக்கூடும்.

ஒரு வீரரின் வருகை

2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நெதர்லாந்து நாட்டின் விர்ஜில் வான் டைக் என்னும் பின்கள வீரரை லிவர்பூல் 75 மில்லியன் பவுண்டு விலையில் பெற்றது. ஒரு பின்கள வீரருக்கு அதுவரை எவரும் அவ்வளவு பெரிய தொகை கொடுத்ததில்லை. முந்தைய கோடையிலேயே அவரைப் பெற முயன்று முடியாமற்போனபோது, வேறொருவரை வாங்காமல் கிளாப் காத்திருந்தார். வான் டைக் உயரமானவர், விரைந்து ஓடக்கூடியவர். பின்னுள்ள வெற்றிடத்தைக் காக்க இவ்விரு பண்புகளும் தேவைப்பட்டன.

அதே ஆண்டு மே 26 அன்று, கீவ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நடைபெற்றது. ரியல் மாட்ரிட் 3-1 என்ற கணக்கில் வென்றது. லிவர்பூலின் கோல்கீப்பர் லோரிஸ் காரியுஸ் எறிந்த பந்து எதிரணி வீரரின் காலில் பட்டுக் கோலுக்குள் உருண்டது. பின்னர்த் தொலைவிலிருந்து உதைக்கப்பட்ட பந்து ஒன்று அவர் கைகளில் பட்டு உள்ளே நழுவியது. ஆட்டம் முடிந்ததும் அவர் கண்ணீருடன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எனினும் வசைகளும் மிரட்டல்களும் அவரைத் தொடர்ந்தன.

சில நாள்கள் கழித்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தனர். ஆட்டத்தின்போது எதிரணி வீரர் ஒருவர் மோதியதால் அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது எனவும், அது அவரது ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் எனவும் அவர்கள் தெரிவித்தனர். "பயிற்சியா, திறமையா" என்று வாதிட்ட பலர், இவ்விரண்டையும் தவிர்த்த மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று எண்ணியிருக்கவில்லை.

அடுத்து வந்த கோடையில் பிரேசில் நாட்டின் அலிசன் புதிய கோல்கீப்பராகச் சேர்ந்தார். பிரீமியர் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் உண்டு. 2017-18 பருவத்தில் லிவர்பூல் விட்டுக்கொடுத்த கோல்கள் 38. அடுத்த பருவத்தில் அந்த எண்ணிக்கை 22 ஆகக் குறைந்தது. 2019ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையும், 2020ஆம் ஆண்டு, 30 ஆண்டு இடைவெளிக்குப்பின், நாட்டின் லீக் பட்டமும் அவ்வணிக்குக் கிடைத்தன. பயிற்சியாளர் மாறவில்லை, வீரர்கள் மாறினர், பலன் மாறியது. "திறமையே காரணம்" என்றோரின் வாதம் வென்றதாகத் தோன்றியது.

வாதம் முடியவில்லை

2020ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று ஆஸ்டன் வில்லா அணி லிவர்பூலை 7-2 என்ற கணக்கில் வீழ்த்தியது. அலிசன் அன்று ஆடவில்லை. ஆனால் வான் டைக் ஆடினார். முன்னே நெருக்குதல் தளர்ந்தபோது, பின்னே சிறந்த வீரர் இருந்தும் வெற்றிடத்தைக் காக்க இயலவில்லை.

அடுத்த ஆட்டத்திலேயே வான் டைக் முழங்காலில் கடுங்காயமுற்று அப்பருவம் முழுவதும் விலக நேர்ந்தது. மற்ற பின்கள வீரர்களும் காயமடைந்தனர். நடுகள வீரர்களான ஃபபின்யோவும் ஹெண்டர்சனும் பின்களத்தில் ஆடினர். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வணி தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. அதன் வரலாற்றில் முன்பு அவ்வாறு நேர்ந்ததில்லை.

பின்னர் ஃபபின்யோ தம் இயல்பான நடுகளத்திற்குத் திரும்பினார். பருவத்தின் இறுதியில் நாத் ஃபிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ் என்னும் அனுபவம் குறைந்த இருவர் பின்களத்தில் நின்றனர். அவர்கள் வான் டைக்குக்கு இணையானவர்கள் அல்லர். ஆயினும் அணி கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடம் பெற்றது. நடுகளம் என்னும் மதகு சரியாக இருந்தால் பின்களம் என்னும் கரைமீது அழுத்தம் குறையும் என்பதை இது காட்டியது.

செல்சி அணியின் சான்று

இதே பருவத்தில் இலண்டன் நகரின் செல்சி அணியில் நேர்மாறான நிகழ்ச்சி நடந்தது. 2021 ஜனவரி 25 அன்று பயிற்சியாளர் ஃபிராங்க் லாம்பார்டு நீக்கப்பட்டார். மறுநாள் தாமஸ் டூகல் பொறுப்பேற்றார். புதிய வீரர் எவரையும் அவர் வாங்கவில்லை. பின்களத்தின் நடுவே மூவரை நிறுத்தினார். முன்பு பெரும்பாலும் வெளியே அமர்த்தப்பட்டிருந்த ரூடிகர் போன்றோர் மீண்டும் இடம்பெற்றனர்.

பருவத்தின் முதல் 19 லீக் ஆட்டங்களில் செல்சி விட்டுக்கொடுத்த கோல்கள் 23. டூகலின் பொறுப்பில் நடந்த அடுத்த 19 ஆட்டங்களில் 13. அவ்வாண்டு மே 29 அன்று போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆயிற்று. இங்கு வீரர்கள் மாறவில்லை, பயிற்சியாளர் மாறினார், பலன் மாறியது. எனினும் கோல்கீப்பர் மெண்டியும் பின்கள வீரர் தியாகோ சில்வாவும் லாம்பார்டின் காலத்திலேயே அணிக்கு வந்தவர்கள். அத்திறமை ஏற்கெனவே இல்லாதிருப்பின், புதிய முறையும் அவ்வளவு விரைவில் பலித்திராது.

காரணம் காணும் முறை

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படும்.

முதலாவது, ஒன்று மாறி மற்றவை மாறாதிருக்கும் நிலையை நோக்குதல் வேண்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுவே. விளையாட்டில் அத்தகைய நிலை முழுமையாக அமைவதில்லை. ஆதலால் முடிவில் அடக்கம் வேண்டும்.

இரண்டாவது, விழுந்த கோல்களை மட்டும் எண்ணாமல், எதிரணிக்குக் கிடைத்த வாய்ப்புகளையும் எண்ணுதல் வேண்டும். எளிய வாய்ப்புகள் மிகுதியாகக் கிடைத்தால் அணியின் அமைப்பில் குறை இருத்தல் கூடும். வாய்ப்புகள் குறைவாயினும் கோல்கள் மிகுந்தால், தனி வீரரின் பிழையையோ கோல்கீப்பரின் ஆட்டத்தையோ ஆராயலாம்.

மூன்றாவது, ஓர் ஆட்டத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதுதல் கூடாது. 7-2 என்னும் தோல்வி கண்ணைக் கவரும். உண்மையை உணர்த்துவதோ 38 ஆட்டங்களின் கணக்கு.

நான்காவது, பயிற்சியும் திறமையும் கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. கூட்டலில் ஓர் எண் பூச்சியமானாலும் மற்றது எஞ்சும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் அனைத்தும் பூச்சியமாகும். தரமிறக்கப்பட்ட ஹல் சிட்டி அணியிலிருந்து குறைந்த விலைக்கு வந்த ஆண்டி ராபர்ட்சன், கிளாப்பின் ஆட்டமுறையில் உலகின் சிறந்த இடப்பக்கப் பின்கள வீரர்களுள் ஒருவரானார். ஓடத் தளராத அவரது இயல்பும் அதற்கு ஏற்ற ஆட்டமுறையும் ஒன்றையொன்று வளர்த்தன.

வகுப்பறையிலும் இவ்வினா எழுவதுண்டு. மதிப்பெண் குறைந்தால் "பிள்ளைக்குத் திறமை இல்லை" என்றோ "கற்பித்தல் சரியில்லை" என்றோ ஒரே சொல்லில் முடிவு கூறப்படுகிறது. அவசரமாகக் கூறப்படும் அம்முடிவு, மருத்துவர் பரிசோதிக்கும் முன்பே காரியுஸ் மீது எறியப்பட்ட வசைக்கு ஒப்பாகும். எது குறைந்தது, எப்போது குறைந்தது, அதற்குமுன் என்ன மாறியது என்று பொறுமையாக வினவுவோரே உண்மையை நெருங்குவர்.

சொற்பொருள்

சாரார் – பிரிவினர். இடர் – துன்பம், ஆபத்து. பருவம் – போட்டித்தொடர் நடைபெறும் காலம். மதகு – நீரை அளவாக வெளியேற்றும் வாயில். வசை – பழிச்சொல்.

மதிப்பீடு

1. கிளாப்பின் ஆட்டமுறையால் விளைந்த நன்மை யாது? இடர் யாது?
2. லிவர்பூல், செல்சி ஆகிய அணிகளில் மாறியவற்றையும் மாறாதவற்றையும் அட்டவணைப்படுத்துக.
3. "கூடமும் கோணலாக இருக்கக்கூடும்" – இத்தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
4. பயிற்சியும் திறமையும் பெருக்கல் கணக்கு எனக் கூறப்படுவது ஏன்? உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

கற்பவை கற்றபின்

வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து "அணியின் வெற்றிக்குப் பெரிதும் துணைநிற்பது பயிற்சியே / திறமையே" என்னும் தலைப்பில் வாதிடுக. பின்னர்க் குழுக்கள் பக்கம் மாறி, எதிர்க்கருத்துக்காக வாதிடுக.