கூலியில்லா வேலை: அறிவியல் புனைகதை ரசிகர்கள் குறித்துச் சில குறிப்புகள்

'ரசிகர்' என்ற சொல்லைத் தமிழில் சினிமாவுக்கே பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ரசிகர் என்றதும் கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி என்றுதான் மனசு ஓடுகிறது. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் அதை ஒரு வசவாகவே புழங்கி வந்திருக்கிறோம். மேலே விமர்சகன், நடுவில் வாசகன், அடியில் ரசிகன். இந்தப் படிநிலையைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம் என்பதே என் உத்தேசம். எடுத்துக்கொண்டிருப்பது அறிவியல் புனைகதையின் ரசிகர்களை. குறிப்பாக, காசு வாங்காமல் அவர்கள் செய்துவரும் வேலையை.

1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அசல் வணிகப் பத்திரிகை. அதில் வாசகர் கடிதங்களுக்குக் கீழே, எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார்கள். விளைவு என்னவென்றால், வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் கடிதம் போட ஆரம்பித்தார்கள். 1930 மே மாதம் சிகாகோவில் அப்படிச் சேர்ந்த கடிதக் குழு ஒன்று 'தி காமெட்' என்ற இதழைத் தானே கொண்டுவந்தது. அதற்கப்புறம் பையன்கள் (பெரும்பாலும் பையன்கள்தான்) சமையலறை மேசையில் மிமியோகிராஃப் வைத்துச் சுற்றித் தள்ளினார்கள். மிமியோகிராஃப் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் சைக்ளோஸ்டைல். 1940இல் இவ்வகை இதழ்களுக்கு 'ஃபேன்ஸீன்' என்று பெயர் வந்தது.

இதைப் படிக்கும்போது சி.சு. செல்லப்பா நினைவுக்கு வராமல் போகாது. 1959இல் 'எழுத்து' தொடங்கியவர், பிறகு புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். உள்ளடக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். உற்பத்தி உறவில் பார்த்தால் இரண்டும் ஒரே சாதனம்: வாசிக்கிறவன் தன் கைக்காசைப் போட்டு எழுதுகிறவனாக மாறுவது. அந்த ரசிகர்கள் தங்கள் கூலிக்கு ஒரு சொல்லையும் வைத்திருந்தார்கள், 'ஈகோபூ'. தன் பெயரை அச்சில் பார்க்கும்போது வருகிற கிளுகிளுப்பு. அலுத்துப்போய் ஒதுங்கிக்கொள்வதற்கும் ஒரு சொல் உண்டு, 'கஃபியா'. நம்மிடம் அதற்குத் தனிச்சொல் இல்லை. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கும் அறிவிப்பு இருக்கிறது.

தன்னார்வ வேலை என்பதாலேயே அந்த வெளி அதிகாரமற்றது என்று நினைத்துவிடக் கூடாது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. நடத்தியவர்கள் ரசிகர்கள். வாசலிலேயே ஆறு ஃபியூச்சரியன் குழுக்காரர்களைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். டொனால்ட் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத் எல்லாம் அந்த ஆறு பேரில் அடக்கம். இடதுசாரிச் சாய்வுள்ள குழு. துண்டறிக்கை கொடுத்துக் கலாட்டா செய்வார்கள் என்று பயம். மாநாட்டை நடத்துகிறவர்களின் சர்வாதிகாரத்தை எச்சரிக்கும் துண்டறிக்கை ஒன்று கிடைக்கவும் செய்தது. அதை எழுதிய டேவ் கைல் என்பவரோ ஜோராக உள்ளே போய்விட்டார்! சம்பளம் வாங்காதவன் கையிலும் சாவி இருக்கிறது. இயக்கங்களில் வேலை செய்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி தமிழுக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், கை மட்டும் தெரியும். மூலம் 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாரஇதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் ப்ளாஸ்கோ. ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் புல்மர். இந்தப் புல்மர் யாரென்று தேடிப் போனால் சுவாரஸ்யமான ஒரு முடிச்சு கிடைக்கிறது. அவர் லண்டன் ரசிகர் வட்டத்திலிருந்து, ஃபேன்ஸீன் நடத்தி எழுத வந்தவர். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள ரசிகர்கள் சில்லறை சேர்த்து, ஒருவரைக் கப்பலேற்றி மறுகரை மாநாட்டுக்கு அனுப்பும் நிதி ஒன்று உண்டு. 1955இல் அந்தக் காசில் அமெரிக்கா போனவர் அவர். ஆக, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய அந்தப் பிரதியின் பின்னால் கூலியில்லா உழைப்பின் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை வாங்கிய பையனுக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பையன் என்ன செய்தான் என்பதுதான் நமக்கு முக்கியம். எண்ணிட்டுப் பட்டியல் போட்டான். எது மறுபதிப்பு, எந்தப் பக்கம் விடுபட்டது, எந்தக் கதை எந்த மூலத்திலிருந்து வந்தது என்று நோட்டில் குறித்தான். நடுவயதில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த மோட்டாருக்கும் பழைய டெலிபோனுக்கும் நடுவே விடுபட்ட எண்களைத் தேடி அலைகிறான். தமிழ்த்துறைகள் இதற்கு 'நூலடைவு' என்று கம்பீரமான பெயர் வைத்திருக்கின்றன. நான் எம்.ஏ. படித்த காலத்தில் காமிக்ஸுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுக்கவில்லை. 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் ஒரு பெரிய இடைவெளிக்குப் பிறகு உயிர்த்தெழுந்து வந்தபோது, கடைகளைவிடச் சந்தாவையும் புத்தகக் கண்காட்சியையும் நம்பியே நிற்க முடிந்ததென்றால், காத்திருந்தவர்கள் இவர்கள்தான். இதே ஆட்கள் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் பரப்பவும் செய்தார்கள். பதிப்பாளருக்கு அது நஷ்டம், அழிந்துபோயிருக்கும் காகிதத்துக்கு ஆயுள். இரண்டுமே உண்மை. சட்டத்தை மட்டும் பேசிக்கொண்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

காமிக்ஸுக்கு நடந்தது சுஜாதாவின் அறிவியல் கதைகளுக்கு அதே அளவில் ஏன் நடக்கவில்லை? 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வீட்டுப் பெயராகிவிட்டது. இருந்தும் அந்த வாசகர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. எனக்குப் படுகிற காரணம் ரொம்பச் சாதாரணமானது. நம் வார இதழ்களின் கடிதப் பகுதியில் பெயரும் ஊரும்தான் இருக்கும். 'தாம்பரம்' என்று போட்டிருந்தால், தாம்பரத்தில் யாரென்று போய்க் கேட்பது? (முழு முகவரி பேனா நண்பர் பகுதியில்தான் கிடைக்கும், அங்கே ஆர்வங்கள் தபால்தலையும் கிரிக்கெட்டும்.) எல்லாக் கோடுகளும் எழுத்தாளர் என்ற மையத்துக்கே போயின, வாசகரிலிருந்து வாசகருக்கு ஒரு கோடுகூடப் போகவில்லை. சுஜாதா 'கணையாழி'யில் வருஷக்கணக்கில் எழுதினார் என்றாலும், நாம் அவருடைய அறிவியல் கதைகளை வெகுஜனச் சரக்கு என்று ஓரங்கட்டினோம். கடைசியில் இரண்டு பக்கமும் வாசல் அடைப்பு.

ஆனால் உழைப்பு நடக்காமலும் இல்லை. வார இதழ்களிலிருந்து தொடரைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, ஊசிநூலால் தைத்து, பிறகு பைண்டிங்குக்குக் கொடுத்தது யார்? நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பெண்கள். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்து, திரும்ப வாங்கி, கிழிந்த இடத்தில் கோந்து ஒட்டி வைத்ததும் அவர்களே. அவர்களை யாரும் ரசிகர் என்றோ ஆவணப்படுத்தியவர் என்றோ அழைக்கவில்லை. அமெரிக்காவில் 1967இல் வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' ஃபேன்ஸீனை உருவாக்கியவர்கள் பெண்கள். நாற்பது வருஷம் கழித்து, ரசிகர்களின் எழுத்தில் ஒரு கம்பெனி லாபம் பார்க்க வந்தபோது, 'இடம் நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும்' என்று 2007இல் லாபநோக்கற்ற அமைப்பொன்றை நிறுவியவர்களிலும் பெண்களே அதிகம். அவர்கள் கட்டிய 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019இல் ஹ்யூகோ விருது வாங்கியது. விருது கெர்ன்ஸ்பாக் பெயரால். இங்கே, இந்த வகை இலக்கியத்துக்காக நான் போன சந்திப்புகளில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தைத்தவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

தாம்பரம், சானடோரியம், பல்லாவரம் பக்கம் இந்த ரசனைக்கான ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1931இலிருந்து கடற்கரை-தாம்பரம் மின்ரயில் ஓடுகிறது. ரயிலில்தான் பாதி வாசிப்பு நடந்தது. 1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது, பிறகு கணினிக் கம்பெனிகள். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து மெய்ப்புப் பார்க்கிற இளைஞர்களை எனக்குத் தெரியும். ஒன்று கவனித்தேன்: நேரம் இருக்கிறவன்தான் தன்னார்வலன் ஆக முடிகிறது. ஒப்பந்த வேலையிலிருந்து நிரந்தர வேலைக்குப் போனவர் தொடர்கிறார். வேலை போனவர் காணாமல் போகிறார். 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 2018இல் தொடங்கிய 'அரூ' போன்ற இணைய இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியபோது புதிய கைகள் பல எழுத வந்தன. அவை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது கதையின் தரத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இருக்காது.

பைண்டு புத்தகங்களில் ஒரு சிக்கல். கிழிக்கும்போது அட்டையை விட்டுவிடுவார்கள், தேதியும் அதோடு போய்விடும். சந்தையில் எனக்குக் கிடைத்த மூன்று தொகுதிகளில் ஒன்றில் மட்டும், ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் தேதி குறித்திருக்கிறது, ஒரே கையெழுத்து. அதை வைத்து நாற்பத்திரண்டு வாரங்களின் வரிசையைச் சரிபார்க்க முடிந்தது. வீட்டுப் பரணில் இப்படி எதையாவது வைத்திருக்கும் நண்பர்கள், எடைக்குப் போடுவதற்கு முன் ஓரங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கவும்.