எலிசா சோதனையில் வெப்பமும் நேரமும்

தானமாகப் பெற்ற ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று உள்ளதா என்று எப்படி அறிகிறார்கள்? வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது.

1971-இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மான் வெளியிட்ட எலிசா முறை இதற்கு உதவுகிறது. ஆன்டிஜென் பூசிய குழித்தட்டில் சீரத்தை இட்டு, பெரும்பாலும் 37 டிகிரி செல்சியஸில் குறித்த நேரம் வைப்பார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அப்போது ஆன்டிஜெனுடன் ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டைக் கழுவி, நொதியும் நிறமூட்டியும் சேர்த்தால் நிறம் தோன்றும்.

வெப்பமோ நேரமோ குறைந்தால் நிறம் வெளிறி, தொற்று தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் நோயாளிக்கு ஏறிவிடும். மிகுந்தால் தொடர்பற்ற புரதங்களும் ஒட்டி, இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டலாம். தட்டை மூடாவிட்டால் ஓரக் குழிகள் விரைவில் உலரும்.

தயிருக்கு உறை ஊற்றுவதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அங்கு நடப்பது வேறு வினை. ஆனால் வெதுவெதுப்பும் நேரமும் தவறினால் விளைவும் தவறும் என்பது மாணவர்களுக்கு எளிதில் புரியும்.