காற்றையும் சேர்த்து எழுதுங்க

ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ப்ரோ, 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடணும். எத்தனை மாசம் ஆகும்?" பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் அவரிடம் கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இப்போ எவ்வளவு நேரத்துல ஓடறீங்க? நிஜமா?

இந்த "நிஜமா"வுக்கு நீளம் தாண்டுதலில் ஒரு கருவியே உண்டு: காற்றுமானி. வீரர் ஓடிவரும்போது, தாண்டும் கோட்டுக்கு 40 மீட்டர் முன்னாடி இருக்கும் குறியைக் கடந்ததிலிருந்து 5 விநாடிக்குக் காற்றின் வேகத்தை அளப்பார்கள். முதுகுப் பக்கமிருந்து விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் காற்று தள்ளினால், அந்தத் தாண்டல் சாதனைக் கணக்கில் சேராது. பலகையை மிதிக்கிற வேகத்தில் காற்றுக்கும் பங்கு வந்துடுது இல்லையா?

2022 ஏப்ரல், கோழிக்கோடு, ஃபெடரேஷன் கோப்பை. தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டினார். கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36. தங்கம் ஜெஸ்வினுக்கு, ஆனா தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்கு! ஜெஸ்வினுக்கு அடித்த காற்று 4.1, ஸ்ரீசங்கருக்கு 1.5. ஜெஸ்வின் தாண்டியது பொய்யில்லை. பக்கத்துல காற்றையும் எழுதி வச்சாங்க, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம், 2023 மார்ச் 2, பெல்லாரி விஜயநகரில் அவர் 8.42 தாண்டினார். இந்தத் தடவை காற்று எல்லைக்குள்ள. தேசிய சாதனை. அதே ஆள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 7.61தான், தகுதிச் சுற்றோட முடிஞ்சது. மிகச் சிறந்த நாள் வேற, இன்னைக்கு நம்ம நிலைமை வேற. உச்சத்துல இருக்கிறவருக்கே இப்படின்னா, நமக்கு?

என் கதைக்கு வரேன். பாகலூர் ரோட்டுல ஓடி, 10 கிலோமீட்டர் 58 நிமிஷம்னு வாட்ச் காட்டுச்சு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஆனா வாட்ச்ல ஆட்டோ பாஸ் ஆன்ல இருந்தது. லாரிக்கு நின்னேன், தண்ணிக்கு நின்னேன், உண்மையைச் சொன்னா மூச்சு வாங்கவும் நின்னேன். நின்ன நேரமெல்லாம் கணக்கிலேயே இல்லை. நிஜமான மொத்தம் 1 மணி 7 நிமிஷம். அது தெரியாம இல்லை. ஆப்ல கீழே சின்ன எழுத்துல இருந்தது, நான்தான் பார்க்கலை. பெங்களூரு ரேஸ்ல அந்த 58-ஐ நம்பி ஆரம்பிச்சேன். ஆறாவது கிலோமீட்டர்ல நடக்க ஆரம்பிச்சு, 1 மணி 11-ல முடிச்சேன். ஷூல கட்டின சிப்புக்கு ஆட்டோ பாஸ் கிடையாது. நம்ம லேப்டாப்ல ஓடுற கோட் ப்ரொடக்‌ஷன்ல படுக்கிற மாதிரிதான்.

அதனால அந்த நேயருக்கு: ஆட்டோ பாஸை அணைச்சிடுங்க. அந்திவாடி மைதானம் மாதிரி சமமான இடத்துல 5 கிலோமீட்டர், வாரத்துக்கு ஒரு தடவைன்னு மூணு வாரம் ஓடிப் பாருங்க. நேரத்துக்குப் பக்கத்துல வெயில், எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த ஷிப்ட், எல்லாத்தையும் எழுதுங்க. அதுதான் உங்க காற்றுமானி. மூணுல நடுவுல வர்றதை எடுத்துக்கோங்க, பெஸ்டை இல்லை.

வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுவேன்னு உறுதி எடுக்கிறதும் இதே கணக்குதான். நான் ஆறு நாள்னு ஷீட் போட்டேன். எட்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, 48-க்கு 26. அதாவது நான் மூணு நாள் ஓடுற ஆள். இப்ப ஷீட்ல மூணுதான் இருக்கு, அதைத் தவறவிடுறது இல்லை. நைட் ஷிப்ட் வாரத்துல உங்களுக்கு ரெண்டுதான் முடியும்னா ரெண்டுன்னே எழுதுங்க. அதுல ஒண்ணாவது, பக்கத்துல ஆள் இருந்தா பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்துல இருக்கட்டும். தூக்கத்தை வெட்டி மூணாவது ஓட்டம் வேண்டாம். அடுத்த நாள் நீங்க நிக்கப்போறது மெஷின் முன்னாடி.

மூணு நேரத்தையும் தேதியோட அனுப்புங்க ப்ரோ. மாசக் கணக்கை அப்புறம் பேசலாம்.